பலகைக் கதவும் கதவுதான்



போன மாதம் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் நடந்த களவுக்குப் பிறகு எனக்கு நிறைய வொய்ஸ் மெசேஜ் வந்தது. "சேர், இதுக்குச் சட்டத்துல என்ன தண்டனை?" "சேர், ஆளப் புடிச்சா நாங்க அடிக்கலாமா?" "சேர், கதவு பூட்டாம இருந்திச்சாம், அப்ப கேஸ் நிக்காதா?" நான் சட்டத்தரணி இல்லை. வரலாறும் குடியியலும் படிப்பிக்கிற வாத்தியார். ஆனாலும் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சட்டம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தத் தண்டனைச் சட்டக்கோவையை வருடக்கணக்காகப் புரட்டியிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதுவது நல்லது. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வெளியூரில் இருக்கிறவர்களுக்காக. எங்கள் ஃப்ளட்டின் முதலாம் மாடியில் இருக்கும் மாமி இரண்டு நாளைக்கு வெள்ளவத்தையில் உள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் குசினி ஜன்னல் கம்பி வளைந்து கிடக்கிறது, அலுமாரி திறந்து கிடக்கிறது. பேத்தியின் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த காப்பும் சங்கிலியும் இல்லை. கணவர் மௌத்தாகிய பிறகு தையல் மெஷினில் உட்கார்ந்து சேர்த்த நகை அது. மாமி நகைக்கு அழுததைவிட அதிகமாக அழுதது வேறொன்றுக்கு: "என்ட அலுமாரிக்குள்ள யாரோ கை போட்டிருக்கான், என்ட உடுப்பெல்லாம் தொட்டிருக்கான்." அன்று இரவு அவர் தன் வீட்டில் தூங்கவில்லை. எங்கள் வீட்டு ஹோலில்தான் படுத்தார்.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இந்த அழுகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டமும் இதைத்தான் முதலில் பார்க்கிறது.

எங்களுடைய தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதற்கு முன் இந்த நாட்டில் குற்றங்களுக்கும் ரோமன் டச்சுச் சட்டம்தான் ஓடியது. வெள்ளைக்காரன் இந்தியாவுக்காக 1860இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தை எடுத்து, கொஞ்சம் மாற்றி, இலக்கங்களையும் மாற்றி, இங்கே தந்தான். அதில் களவு ஓர் அத்தியாயப் பகுதி. வீடுடைப்பு இன்னொரு பகுதி. இரண்டும் ஒன்றல்ல. எங்கள் பேச்சில் எல்லாமே "களவு" என்பதால்தான் குழப்பம் வருகிறது.

களவு என்பது 366ஆம் பிரிவு. ஒருவருடைய வசத்தில் உள்ள அசையும் பொருளை, அவருடைய சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு இடம் நகர்த்தினால் அது களவு. சாதாரணக் களவுக்கு 367ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை. அதே களவை ஒரு வசிப்பிடத்துக்குள் செய்தால் 369ஆம் பிரிவு, ஏழு வருடம் வரை. பொருள் ஒன்றுதான், சுவர் மட்டும்தான் கூட. சுவருக்குள்ளே வந்து எடுத்ததால் தண்டனை இரட்டிப்புக்கும் மேலே போகிறது.

வீடுடைப்பு வேறு ஏணியில் இருக்கிறது. வகுப்பில் இதை நான் கரும்பலகையில் படிப்படியாக வரைந்து காட்டுவேன். அடிப்படி, 427ஆம் பிரிவு: அத்துமீறி நுழைதல். இன்னொருவர் குடியிருக்கும் இடத்துக்குள் ஒரு குற்றம் செய்யும் எண்ணத்தோடோ, அங்கே இருப்பவரை மிரட்டும், அவமதிக்கும், தொந்தரவு செய்யும் எண்ணத்தோடோ நுழைவது. அடுத்த படி, 428: அந்த இடம் வீடாக இருந்தால். அதற்கு மேலே, யாரும் காணாதபடி மறைந்து நுழைந்தால். அதற்கும் மேலே உடைத்து நுழைந்தால். உச்சியில், இவற்றை இரவில் செய்தால்.

"உடைத்தல்" என்றதும் எங்களுக்குக் கோடரியும் கம்பியும்தான் ஞாபகம் வரும். சட்டம் ஆறு வழிகளைச் சொல்கிறது. கள்ளன் தானே ஒரு வழியை உண்டாக்கி நுழைவது. மனிதர் போகவர வைக்காத வழியால், அல்லது மதில் ஏறி நுழைவது. வீட்டுக்காரர் நினைத்திராத முறையில் ஒரு வழியைத் திறந்து நுழைவது. பூட்டைத் திறப்பது. ஆளைத் தாக்கி அல்லது மிரட்டி நுழைவது. அடைத்து வைத்த கதவு என்று தெரிந்தும் அதை அவிழ்த்து நுழைவது. உள்ளே போகும்போது மட்டுமல்ல, உள்ளே குற்றம் செய்துவிட்டு இப்படி வெளியேறினாலும் அது வீடுடைப்புத்தான்.

சட்டத்தை எழுதியவர்கள் உதாரணங்களும் தந்திருக்கிறார்கள். சுவரில் ஓட்டை போட்டுக் கையை மட்டும் உள்ளே விட்டாலும் வீடுடைப்பு. உடம்பில் எந்தப் பகுதி உள்ளே போனாலும் நுழைந்ததாகத்தான் கணக்கு. கதவு ஓட்டையால் கம்பி விட்டுக் கொக்கியைத் தூக்கினாலும் அதுதான். நீங்கள் தொலைத்த சாவியை எடுத்தவன் அதைக் கொண்டு உங்கள் கதவைத் திறந்து வந்தாலும் அதேதான். அங்கே ஒரு சில்லுகூட உடையவில்லை. பூட்டு அப்படியே இருக்கிறது. ஆனாலும் சட்டம் அதை வீடுடைப்பு என்கிறது. ஏனென்றால் உடைந்தது பூட்டு அல்ல. "இதற்கு மேல் என் அனுமதி இல்லாமல் யாரும் வரக்கூடாது" என்று அந்த வீட்டுக்காரர் போட்ட எல்லை.

எங்கள் மொழியில் இதற்குப் பழைய சொல் உண்டு: கன்னம் வைத்தல். மண்சுவரில் ஓட்டை போடக் கள்ளன் கொண்டுவரும் கருவி கன்னக்கோல். மண்சுவர் போய் கொங்கிரீட் வந்துவிட்டது. கன்னக்கோல் போய், ஜன்னல் கம்பியை வளைக்கும் இரும்பு வந்துவிட்டது. குற்றம் ஒன்றுதான்.

"கதவு பூட்டவில்லை, அப்போ கேஸ் நிக்காதா" என்று கேட்டவர்களுக்குப் பதில் இது. கொக்கி போட்டிருந்த கதவை அவிழ்த்து வந்தால் வீடுடைப்பு. ஆவென்று திறந்து கிடந்த கதவால் களவெடுக்கவென்றே வந்தால், அது வீடுடைப்பு இல்லாமல் போகலாம், ஆனால் வீட்டுக்குள் அத்துமீறியதும் வசிப்பிடத்தில் களவெடுத்ததும் அப்படியே நிற்கும். திறந்த கதவு யாருக்கும் அழைப்பிதழ் அல்ல.

இரவு ஏன் கூடுதல்? சட்டத்தில் இரவு என்றால் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை. நாங்கள் சுபஹ் தொழுதுவிட்டு வீட்டுக்கு வரும் நேரமும் சட்டத்துக்கு இன்னும் இரவுதான். தாய்ச் சட்டமான 1860 இந்தியச் சட்டத்தில் களவெடுப்பதற்காகப் பகலில் வீடுடைத்தால் பத்து வருடம் வரை, இரவில் என்றால் பதினான்கு வருடம் வரை. எங்கள் கோவையில் இரவு வீடுடைப்புக்கு 443ஆம் பிரிவு. பத்திரிகையில் வீடுடைப்பு வழக்குச் செய்தி வாசிக்கிறவர்கள் இந்த இலக்கத்தை அடிக்கடி கண்டிருப்பீர்கள். இந்தியா 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தை மாற்றிப் புதியதைக் கொண்டுவந்தபோதும் வீடுடைப்பையும் இரவையும் விடவில்லை. இங்கிலாந்தில் பழைய வழக்கப்படி இரவில் வசிப்பிடத்தை உடைத்தால் மட்டும்தான் அந்தப் பெரிய குற்றமே. 1968இல் வந்த களவுச் சட்டத்தோடு அவர்கள் இரவுக் கணக்கைக் கைவிட்டார்கள். ஆனால் வீட்டை விடவில்லை. இன்றும் அங்கே வசிப்பிடம் என்றால் பதினான்கு வருடம் வரை, வேறு கட்டடம் என்றால் பத்து. கிறிஸ்தவ அயலவர்கள் வாசிக்கும் யாத்திராகமத்திலும் இரவில் உடைத்து வந்த கள்ளனுக்கும் சூரியன் உதித்த பின் வந்தவனுக்கும் வேறு வேறு நியாயம் சொல்லப்பட்டிருக்கிறது. இரவில் மனிதன் தூக்கத்தில் இருக்கிறான். அவனுக்கிருக்கும் ஒரே காவல் அந்தக் கதவு.

இனி இரண்டாவது கேள்வி: பிடித்தால் அடிக்கலாமா?

இதற்கு மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாமி வீட்டுக்குத் தண்ணீர் மோட்டர் திருத்த ஒரு கிழமைக்கு முன் ஒரு பொடியன் வந்திருந்தான். பின்பக்கத் தோட்டத்தில் இருக்கிறவன். பதினேழு வயது. தமிழ்ப் பொடியன். அவன்தான் என்று யாரோ குரூப்பில் போட்டார்கள். கமராவில் அவன் முகமில்லை, யாரும் கண்ணால் காணவில்லை. "தோட்டத்துப் பொடியன்தான், வேற யாரு" என்ற ஒரு வரி போதுமாக இருந்தது. எட்டு மணிக்கு அவனை இழுத்து வந்து லைட் போஸ்டில் கட்டினார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். இன்னும் ஐந்து பேர் நகையைத் தேடவென்று அவனுடைய வீட்டுக்குப் போனார்கள். பலகை அடித்த வீடு, தகரக் கூரை. உள்ளே தாயும் பதினொரு வயதுத் தங்கச்சியும். தாய் பயத்தில் கதவை உள்ளே அடைத்திருக்கிறார். உதைத்ததில் கொண்டி கழன்றுவிட்டது. அரிசி டின்னைக் கொட்டினார்கள். பிள்ளையின் ஸ்கூல் பேக்கைக் கவிழ்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

பொலிஸ் வந்து பொடியனைக் கொண்டுபோனது. வாக்குமூலம் எடுத்துவிட்டு மாலையில் விட்டார்கள். நகையை எடுத்தது யார் என்று இதை எழுதும்வரை தெரியாது. விசாரணை நடக்கிறது.

அடுத்த நாள் பின்னேரம் அந்தத் தாய் என்னிடம் வந்தார். மகள் நான் முன்பு படிப்பித்த பாடசாலையில்தான் ஆறாம் ஆண்டு படிக்கிறாள், அந்தப் பழக்கம். அவர் மகனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சேர், அந்த அம்மா வீட்டக் கள்ளன் ஒடச்சதுக்குப் பொலிஸ் வந்திச்சு. எங்க வீட்டக் காலையில எல்லாரும் பாக்க ஒடச்சாங்களே, அதுக்கு நாங்க எங்க போய்ச் சொல்றது?" என்றார்.

இந்தப் போஸ்ட் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

சட்டத்தில் வீடு என்றால் என்ன? 428ஆம் பிரிவு மனிதர் வசிக்கப் பாவிக்கும் கட்டடம் என்று மட்டும் சொல்லவில்லை. கூடாரம் என்றும் சொல்கிறது, படகு, கப்பல் போன்ற கலம் என்றும் சொல்கிறது. வணக்கத்தலமும், பொருட்களைப் பாதுகாப்பாக வைக்கும் கட்டடமும் அதற்குள் வருகின்றன. கூடாரமே வீடு என்றால் பலகை வீட்டைப் பற்றிக் கேள்வியே இல்லை. உறுதி இருக்கிறதா, வரிப்பணம் கட்டியதா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. மனிதர் குடியிருக்கிறாரா என்றுதான் கேட்கிறது. 427ஆம் பிரிவும் சொந்தக்காரரைப் பற்றிப் பேசவில்லை, குடியிருப்பவரைப் பற்றித்தான் பேசுகிறது. வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். வாடகை பிந்தியதற்காக உங்களை மிரட்டி வெளியேற்ற மேலதிகச் சாவியோடு வந்து கதவைத் திறக்கிறவர், அந்த வீட்டின் சொந்தக்காரராக இருந்தாலும், இந்தப் பிரிவுக்கு வெளியே நிற்கிறவர் அல்ல.

அடுத்தது எண்ணம். களவெடுக்கும் எண்ணம் மட்டுமல்ல, உள்ளே இருப்பவரை மிரட்டும் எண்ணமும் அவமதிக்கும் எண்ணமும் போதும். அடைத்த கதவை உதைத்துத் திறந்தால் அது ஆறு வழிகளில் ஒன்று. நான் நீதவான் இல்லை. அந்த ஐந்து பேரின் மனதில் என்ன இருந்தது என்பதை நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். ஆனால் அந்தத் தாய்க்கு நான் சொன்னது: "நீங்க முறைப்பாடு கொடுக்கலாம். அந்த அம்மாக்கு இருக்கிற அதே சட்டம்தான் உங்களுக்கும்."

"நாங்க களவுபோன சாமானத் தேடித்தானே போனோம்" என்று அதில் ஒருவர், என்னிடம் படித்தவர், கேட்டார். நியாயமான கேள்வி. தற்காப்பு உரிமை என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. இரவில் வீடுடைத்து வருகிறவனைத் தடுக்கும்போது, வேறு வழியில்லாத நிலையில், அவன் உயிர் போனாலும்கூட அது குற்றமாகாத சந்தர்ப்பம் உண்டு. அவ்வளவு பெரிய உரிமை. ஆனால் அதற்கு மூன்று வேலிகள். தேவைக்கு மேல் காயம் செய்யக்கூடாது. அரச அதிகாரிகளிடம் போக நேரமிருந்தால் அந்த உரிமை இல்லை. வீடுடைத்தவன் உள்ளே இருக்கும்வரைதான் அந்த உரிமை. அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, பொலிஸ் நிலையம் நடக்கிற தூரத்தில் இருக்கும்போது, லைட் போஸ்டில் கட்டிய பொடியனிடம் எவருக்கும் தற்காப்பு உரிமை இல்லை.

பொதுமக்கள் ஆளைப் பிடிக்கவே கூடாதா? பிடிக்கலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. உங்கள் கண்முன்னே பாரதூரமான குற்றம் செய்கிறவரை, அல்லது அப்படிச் செய்தார் என்று நியாயமாகச் சந்தேகிக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறவரை நீங்கள் பிடிக்கலாம். பிடித்தால் வீணான தாமதமின்றிப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனை "போன கிழமை மோட்டர் திருத்த வந்தான்" என்பதற்காக இழுத்து வருவதும், கட்டிவைப்பதும், அடிப்பதும் இந்தப் பிரிவில் இல்லை. அவை தனித்தனிக் குற்றங்கள்.

வீடியோ எடுத்தவருக்கும் ஒன்று. அடிக்கு நடுவே "நான்தான் எடுத்தேன்" என்று ஒருவன் சொன்னால் அதற்கு நீதிமன்றத்தில் என்ன பெறுமதி? பொலிஸ் உத்தியோகத்தரிடம் தரும் குற்ற ஒப்புதலையே எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. பயத்திலும் வலியிலும் மனிதன் எதையும் சொல்வான் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். அந்த வீடியோ உண்மையான கள்ளனைப் பிடிக்க உதவாது. ஒரு பதினேழு வயதுப் பொடியனுக்கு இனி யாரும் வேலை கொடுக்காமல் பண்ணத்தான் உதவும். தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

"ஷரீஅத் சட்டம் இருந்தா கைய வெட்டியிருப்பாங்க, அப்பதான் பயம் வரும்" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். அதை எழுதுகிறவர்கள் அந்தச் சட்டத்தையும் முழுதாக வாசிக்க வேண்டும். பெரும்பாலான இமாம்களிடம் அந்தத் தண்டனைக்கு நிபந்தனைகள் இருக்கின்றன. பொருள் ஒரு குறிப்பிட்ட பெறுமதிக்கு மேல் இருக்க வேண்டும். பாதுகாத்து வைத்த இடத்திலிருந்து, ஹிர்ஸ் என்று சொல்வார்கள், எடுக்கப்பட்டிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்தத் தண்டனை விலகிவிடும். பஞ்ச வருடத்தில் உமர் (ரழி) அதை நிறைவேற்றவில்லை என்பதும் அறியப்பட்ட செய்தி. சந்தேகத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒருவனைத் தண்டிக்க அந்தச் சட்டத்திலும் இடமில்லை.

இன்னொரு சம்பவம் இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவில் வருகிறது. கலீஃபா உமர் (ரழி) இரவில் மதீனாவில் சுற்றி வரும்போது ஒரு வீட்டுக்குள் பாவமான காரியம் நடக்கும் சத்தம் கேட்டு மதில் ஏறி உள்ளே போனார். வீட்டுக்காரர் சொன்ன பதிலின் சாரம் இது: நான் செய்தது ஒரு தவறு, நீங்கள் செய்தது மூன்று. துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று அல்லாஹ் சொல்லியிருக்கிறான், நீங்கள் ஆராய்ந்தீர்கள். வீடுகளுக்கு வாசல் வழியாக வரச் சொல்லியிருக்கிறான், நீங்கள் மதில் ஏறினீர்கள். அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழையாதீர்கள் என்று சொல்லியிருக்கிறான், நீங்கள் இரண்டும் செய்யவில்லை. நாட்டை ஆண்டவர் அதற்குப் பிறகு அந்த மனிதனைத் தண்டிக்காமல் வெளியே வந்தார். சூரத்துந் நூர் இன்னும் ஒரு படி மேலே போகிறது: உள்ளே இருப்பவர் திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிப் போய்விட வேண்டும்.

அந்த மனிதன் நிரபராதி இல்லை, பிழை செய்தவன்தான். ஆனாலும் அவனுடைய மதில் அவனுடைய மதில். மதில் ஏறி நுழைவதை 1883இல் எழுதிய சட்டமும் ஆறு வழிகளில் ஒன்றாக வைத்தது. அதனால்தான் சொல்கிறேன்: "பொடியன் எடுத்தானா இல்லையா என்று தெரிந்தபிறகு அந்தக் கதவைப் பற்றிப் பேசுவோம்" என்று சிலர் சொல்வது பிழை. அவன் எடுத்திருந்தாலும் அந்தக் கதவு ஒரு தாயும் ஒரு சிறுபிள்ளையும் இருந்த வீட்டின் கதவு.

"எங்கட ஆக்கள் இப்படிச் செய்ய மாட்டாங்க" என்றும் ஒருவர் போட்டிருந்தார். வரலாறு படிப்பிக்கிறவனுக்கு இதைக் கேட்டால் வலிக்கும். ஒவ்வொரு மார்ச் 21ஆம் திகதியும் இந்த நாட்டில் பொலிஸ் வீரர் தினம். 1864இல் அந்தத் திகதியில் மாவனல்லையில் கொள்ளைக்காரன் சரதியலைப் பிடிக்கப் போன கான்ஸ்டபிள் சபான் சுடப்பட்டு இறந்தார். கடமையில் உயிர்நீத்த முதலாவது இலங்கைப் பொலிஸ்காரர் என்று அவரை நினைவுகூருகிறார்கள். சபான் மலாய் முஸ்லிம். சுட்டவன் சரதியலின் கூட்டாளி மம்மலி மரிக்கார், அவனும் முஸ்லிம். சரதியல் சிங்களவன். அதே வருடம் மே 7ஆம் திகதி சரதியலும் மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். கள்ளன் எந்த இனத்திலும் இருப்பான், காவல்காரனும் எந்த இனத்திலும் இருப்பான்.

இன்னும் கனமான ஒன்றும் இருக்கிறது. 1983 ஜூலையில் இதே கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ் மக்களின் வீடுகளும் கடைகளும் பட்டப்பகலில் உடைக்கப்பட்டன, கொள்ளையடிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. தண்டனைச் சட்டக்கோவை அன்றைக்கும் இருந்தது. அங்கே நடந்த ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் இலக்கம் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். பூட்டிய வீடுகளை விட்டுவிட்டு எங்கள் ஆட்கள் கொழும்புக்கும் புத்தளத்துக்கும் வந்தார்கள். அந்தக் கதவுகளுக்கும் சட்டம் இருந்தது. ஒழுங்கையில் நிற்கிற சனம் "இந்த வீடு எங்கட ஆக்களோடது இல்ல, உடைச்சாப் பரவாயில்ல" என்று நினைக்கத் தொடங்கியதும் சட்டப்புத்தகம் வெறும் கடதாசி ஆகிவிட்டது. ஐந்து பேர் ஒரு பலகைக் கதவை உதைத்ததை நான் அந்தப் பெரிய அநியாயங்களோடு சமப்படுத்தவில்லை. ஆனால் அந்த நினைப்பு எந்த விதையிலிருந்து முளைக்கிறது என்பதை எங்கள் சமூகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

மாமி என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். அந்தத் தாய் முறைப்பாடு கொடுக்கப் போனபோது கூடப் போனவர் மாமிதான். ஃப்ளட்டில் சிலர் தடுத்தார்கள். மாமி சொன்னது: "ஏன்ட கதவு ஒடஞ்சா ஊரே அழுவணும், அவள்ட கதவு ஒடஞ்சா சிரிக்கணுமா? அந்தப் புள்ள இண்டைக்கும் தூங்கல்லையாம். எனக்குத் தெரியும் அது எப்படியெண்டு." ஐந்து பேரில் இருவர் போய் மன்னிப்புக் கேட்டு, புதுக் கொண்டி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மற்ற மூவரும் இன்னும் போகவில்லை. முறைப்பாடு நிற்கிறது. அதை வைத்திருப்பதா விடுவதா என்பது அந்தத் தாயின் தீர்மானம். பள்ளி நிர்வாகமோ ஃப்ளட் கமிட்டியோ அவரை நெருக்குவது நியாயமில்லை.

கடைசியாக, எல்லோருக்கும் பயன்படச் சில விஷயங்கள்.

வீடு உடைபட்டிருந்தால் ஒன்றையும் தொடாதீர்கள், கூட்டித் துடைக்காதீர்கள். 119க்கு அழையுங்கள், அல்லது பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். உடைந்த இடத்தைப் போட்டோ எடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குப் பூட்டினீர்கள், எத்தனை மணிக்குக் கண்டீர்கள் என்பதை எழுதி வையுங்கள். பகலா இரவா என்பது சட்டத்தில் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று மேலே பார்த்தீர்கள். நகையின் பற்றுச்சீட்டு, போட்டோ இருந்தால் எடுத்து வையுங்கள். கல்யாண வீட்டுப் போட்டோவில் அந்த நகை விழுந்திருந்தால் அதுவும் உதவும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கமராக் காட்சியைப் பொலிஸுக்குக் கொடுங்கள், குரூப்புக்கு அல்ல. குரூப்பில் போட்டால் கள்ளன்தான் முதலில் பார்ப்பான்.

செட்டியார் தெருவிலோ வேறெங்கோ பற்றுச்சீட்டு இல்லாமல் மலிவாக நகை வருகிறது என்றால் ஆசைப்படாதீர்கள். களவுப் பொருள் என்று தெரிந்து, அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், வாங்குவது 394ஆம் பிரிவின் கீழ் தனிக்குற்றம். களவு நடந்த கையோடு அந்தப் பொருள் ஒருவரிடம் இருந்து, அவர் கணக்குச் சொல்லவும் முடியாவிட்டால், அவர்தான் கள்ளன் அல்லது தெரிந்து வாங்கியவர் என்று நீதிமன்றம் ஊகிக்கவும் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. வாங்குகிறவன் இல்லாவிட்டால் மாமியின் காப்பு இன்னும் அலுமாரியில் இருந்திருக்கும்.

யாரையாவது சந்தேகப்பட்டால் அந்தச் சந்தேகத்தைப் பொலிஸில் வாக்குமூலமாகச் சொல்லுங்கள். அங்கே சொன்னால் உங்கள் பெயரில் நிற்கும், அதனால் யோசித்துத்தான் சொல்வீர்கள். குரூப்பில் சொன்னால் யாருடைய பெயரிலும் நிற்காது, அதனால்தான் வாய்க்கு வந்தபடி வருகிறது.

அந்தப் பிள்ளை ஆறாம் ஆண்டு. அவளுடைய கொப்பிகள் மிதிபட்டுவிட்டன. நானும் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து புதிது வாங்கிக் கொடுத்திருக்கிறோம், அதற்குக் காசு சேர்க்க வேண்டாம். அந்த மூன்று பேரும் இதை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். போகும்போது கதவைத் தட்டி, அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

மாமியின் நகை கிடைக்க துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.